வரவேற்பு வகுப்பு

தன் சொந்த மகளையே அந்த வகுப்பில் உட்கார வைத்தவர் என்பதுதான் புரொபசர் வெங்கடசுப்ரமணியனைப் பற்றி மைசூரில் முதலில் சொல்லப்படும் பெருமை. மற்றவர்கள் சொல்ல மறந்தால் அவரே சொல்லிவிடுவார்.

கல்வியியல் பேராசிரியர். ரயில்வே உத்தியோகத்துக்காக இங்கே வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பத்தில் மூன்றாவது தலைமுறை. 1991இல் ஒரு ஜெர்மன் அறக்கட்டளை அழைத்ததன் பேரில் மனைவி மீனாக்ஷியையும் ஏழு வயது மகள் சைத்ராவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஐரோப்பிய நாடுகளில் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எப்படி மற்றவர்களோடு கலக்கிறார்கள், எங்கே கலக்காமல் ஒதுங்கி நிற்கிறார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. அதற்காக பிரஸ்ஸல்ஸ், உத்ரெக்ட், ஸ்ட்ராஸ்பர்க் என்று அலைந்து மாநாடுகளில் பேசினார். எந்த நாடு குடியேறியவர்களை எப்படி நடத்துகிறது என்பதிலிருந்து எந்த ஊர் ஓட்டலில் காலையில் தயிர் கிடைக்கும் என்பது வரை அவருக்கு அத்துப்படி.

ஒரே ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும் அவருடைய கட்டுரைகளில் எதுவும் இல்லை. சைத்ராவுக்கு ஜெர்மன் தெரியாது என்று அங்கே அவளை முதலில் ஆயத்த வகுப்பு என்று தனியாக ஓர் அறையில் வைத்தார்கள். ஒரு வருஷம் கழித்து, இந்தக் குழந்தை வாயே திறப்பதில்லை என்று, மந்த புத்திப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு மாற்றினார்கள். அதற்காகப் பெற்றோரைக் கூப்பிட்ட அன்று மீனாக்ஷி மட்டும் போனாள். சொன்னதில் ஒரு வார்த்தை புரியவில்லை. விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். புரொபசர் அன்றைக்கு பிரஸ்ஸல்ஸில் இருந்தார். குடியேறிய தாய்மார்கள் பிள்ளைகளின் படிப்பு விஷயத்தில் ஏன் அக்கறை காட்டுவதில்லை என்று கட்டுரை வாசித்தார். நல்ல கைதட்டல்.

வீட்டில் வேறொரு சட்டம். பண்பாட்டு அடையாளம் அழியக்கூடாது, ஆகவே வீட்டுக்குள் தமிழ் மட்டும், அதுவும் கலப்பில்லாத தமிழ். மீனாக்ஷியின் தமிழோ மைசூர் சரஸ்வதிபுரத்துத் தமிழ். பாதி கன்னடம். "பாகிலை சாத்து" என்று வாயில் வந்தால் புரொபசர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "கதவை" என்பார். திருத்தத் திருத்த மீனாக்ஷி பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அம்மா பேசாத வீட்டில் பெண் எங்கே பேசும்? சைத்ரா பள்ளியில் பக்கத்து பெஞ்சுத் துருக்கிப் பெண்ணிடம் ஜெர்மன் கற்றுக்கொண்டு அவளோடு ஓயாமல் பேசினாள். அவளுக்கு ஜெர்மன் வந்துவிட்டது என்று ஆசிரியைக்குத் தெரிந்தபோது இவர்கள் ஊர் திரும்பப் பெட்டி கட்டியாகிவிட்டது.

1994இல் மைசூருக்கு வந்து இறங்கியபோது சைத்ராவிடம் ஜெர்மன் இருந்தது, தமிழ் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது, கன்னடம் போயே போய்விட்டது. புரொபசரிடம் ஒரு திட்டம் இருந்தது.

ஒரு கண்டமே தலையை உடைத்துக்கொள்ளும் கேள்விக்கு மைசூரிலிருந்து விடை சொல்லப்போவதாக அவர் அறக்கட்டளைக்கு எழுதியிருந்தார். இடம், சதுர்முக வித்யாலயா என்ற தனியார் பள்ளி. திட்டம் எளிமையானது. வீட்டில் கன்னடம் பேசாத குழந்தை பள்ளிக்கு வந்தால் நேரே வகுப்பில் விடக்கூடாது. முதலில் 'வரவேற்பு வகுப்பு' என்று தனி அறையில் உட்கார வேண்டும். ஒருங்கிணைப்பு அளவுகோலில் தேறினால் மற்றவர்களோடு சேர்க்கலாம்.

தலைமையாசிரியை கௌரம்மாவுக்கு இதில் ஒரு சந்தேகம் வந்தது. உருது வீடு, தெலுங்கு வீடு, துளு வீடு, கொங்கணி வீடு என்று கணக்குப் போட்டால் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் அந்த அறைக்குப் போக வேண்டும், பள்ளி ட்ரஸ்ட் காரியதரிசியின் பேரனும் அதில் அடக்கம் என்று பணிவாகச் சொன்னார். புரொபசர் யோசித்து, திட்டத்தைக் கொள்ளேகால், ஹனூர் பக்கத்திலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று சுருக்கினார். அந்தப் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமுமாக வளர்ந்தவர்கள். நடை பழகும்போதே இரண்டு மொழியிலும் திட்டு வாங்கியிருந்தார்கள். அதை யாரும் கேட்கவில்லை. விண்ணப்பத்தில் கேட்டது வீட்டு மொழி மட்டும்தான்.

ஹனூர் பக்கத்து ராமாபுரத்து மல்லப்பன் முதல் ஆளாக மகள் வினிதாவைக் கூட்டி வந்தார். தேவராஜ மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர். வீட்டு மொழி தமிழ் என்று சந்தோஷமாக எழுதிக் கொடுத்தார். ஐரோப்பாக்காரர்கள் நடத்தும் வகுப்பு என்று கேள்விப்பட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. மண்டியில் எல்லோரிடமும் அதை ஃபாரின் கிளாஸ் என்றே சொன்னார், முடித்தால் ஜெர்மனிக்கே அனுப்புவார்கள் என்று நம்பினார். தம்பி பிள்ளைகள், மச்சான் பிள்ளைகள் என்று ஊரிலிருந்து வரவழைத்து அறையை அவரே நிரப்பிக் கொடுத்தார்.

சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிய அறை. அதுவரை கணபதி விழாப் பந்தல் கழிகளும் உடைந்த பெஞ்சுகளும் கிடந்த இடம். குழந்தை மனதுக்கு இதம் என்று ஐரோப்பாவில் சொல்கிறார்கள் என்று மஞ்சள் சுண்ணாம்பு அடித்தார்கள். ஒரு விரிப்பு, ஒரு டேப் ரிக்கார்டர், சுவர் கொள்ளாத ஐரோப்பிய வரைபடம். வாசலில் கன்னடத்தில் 'ஸ்வாகத வர்க' என்று பலகை. ஒரு மாதத்துக்குள் மற்ற வகுப்புப் பிள்ளைகள் அந்த அறைக்காரர்களை 'ஸ்வாகதா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "ஏய் ஸ்வாகதா, பந்தை எடுத்துப் போடு." மைசூரில் அது புது வசவு.

சைத்ராவை அங்கே வைக்கும் எண்ணம் கௌரம்மாவுக்குக் கிடையாது. புரொபசரின் பெண், ஐந்தாம் வகுப்பில் உட்காரட்டும், தசரா லீவு முடிவதற்குள் கன்னடம் தானாக வந்துவிடும் என்று சொல்லியிருந்தார். மீனாக்ஷியும் அதை நம்பி ஐந்தாம் வகுப்புப் புத்தகங்களுக்கு அட்டை போட்டு வைத்தாள். ட்ரஸ்ட் கூட்டத்தில் புரொபசர் எழுந்து நின்று, "சட்டம் முதலில் என் வீட்டுக்கு" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. மகளின் தலையில் கை வைத்தபடி புரொபசர் கேமராவைப் பார்க்கிறார், சைத்ரா தரையைப் பார்க்கிறாள். அட்டை போட்ட புத்தகங்களை மீனாக்ஷி பக்கத்து வீட்டுப் பிரதிபாவுக்குக் கொடுத்தாள். அவளுக்கும் சைத்ராவின் வயதுதான். அவள் ஐந்தாம் வகுப்புக்குப் போனாள்.

அறைக்கு ஆசிரியை தேவம்மா. பாடத்திட்டம் புரொபசர் எழுதியது. வெள்ளிக்கிழமை பண்பாட்டு நாள், பிள்ளைகள் தங்கள் சொந்தப் பண்பாட்டு உடையில் வர வேண்டும். மல்லப்பன் வகையறா பிள்ளைகளுக்கு வீட்டில் இருந்தது டெர்லின் சட்டையும் ஃபிராக்கும். ஆகவே பள்ளிச் செலவிலேயே குட்டி வேட்டிகள் வாங்கினார்கள். அவர்களுடைய பூர்வீக நடனம் கோலாட்டம் என்று புரொபசர் முடிவு செய்தார். கோலாட்டத்தை அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. மீனாக்ஷியை வரவழைத்து அவர்களுடைய பூர்வீகத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஏற்பாடாயிற்று.

ஒருங்கிணைப்பு அளவுகோல் மொழி, உடை, உணவு, நட்பு, உணர்வு என்று ஐந்து பிரிவாக இருந்தது. நட்பில் தேற வேண்டுமானால் மற்ற வகுப்புகளில் நண்பர்கள் இருக்க வேண்டும். ஆனால் ஸ்வாகத வர்கத்துக்கு இடைவேளை தனி நேரம். அவர்கள் மைதானத்துக்கு வரும்போது மற்றவர்கள் உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். முதல் வருஷம் ஒருவரும் தேறவில்லை. பிரச்சினை எவ்வளவு ஆழமானது என்பதற்கு இதுவே சான்று என்று புரொபசர் அறிக்கை எழுதினார்.

சைத்ராவுக்கு அந்த அறையில் கன்னடம் வந்தது. டேப் ரிக்கார்டர் கற்றுக்கொடுக்கவில்லை, வினிதாதான். தேவம்மா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கும்போது வினிதா குசுகுசுவென்று கன்னடத்தில் ஊர்க்கதை எல்லாம் சொல்வாள். இரண்டாம் வருஷ ஆரம்பத்தில் சைத்ரா சிட்டி பஸ் கண்டக்டரோடு கன்னடத்தில் சண்டை போட்டு ஜெயித்தாள். மொழித் தேர்வில் அவளும் வினிதாவும் முழு மதிப்பெண் வாங்கினார்கள். மதில் ஏறிக் குதித்து நண்பர்களையும் சம்பாதித்திருந்தார்கள்.

தேவம்மா இதை நல்ல சேதி என்று நினைத்துப் புரொபசரிடம் சொன்னாள். புரொபசருக்கு முகம் வெளுத்தது. ஜனவரியில் ஜெர்மனியிலிருந்து குழு வருகிறது. அதற்குள் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தேறி வெளியே போய்விட்டால் வந்தவர்களுக்கு எதைக் காட்டுவது, மஞ்சள் சுவரையா? அன்று மாலையே தேர்ச்சி மதிப்பெண் உயர்ந்தது. 'உணர்வு' என்ற பிரிவுக்குப் பாதி மதிப்பெண். அதைப் போடும் அதிகாரம் புரொபசருக்கு மட்டும்.

அந்த வருஷம் பிரதிபா ஆறாவது. அடுத்த ஜூனில் ஏழாவது. ஏழாம் வகுப்பில் பப்ளிக் பரீட்சை உண்டு. அதற்குள் வெளியே வராவிட்டால் தன் வயசுக்காரர்களை இனி எட்டிப் பிடிக்கவே முடியாது என்று சைத்ராவுக்குத் தெரிந்திருந்தது. அப்பாவிடம் மூன்று தடவை கேட்டாள். ஜனவரி போகட்டும் என்று மூன்று தடவையும் பதில் வந்தது.

அதனால் ஜனவரியையே நம்பினாள். குழுவோடு வரப்போகிற அம்மாள் ஜெர்மன்காரி. அவளிடம் நேரே கேட்டுவிடுவது என்று முடிவு செய்து, குளிக்கிற அறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு ஜெர்மனில் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

குழு வந்தது. தலைமை தாங்கிய அம்மையார் முந்தின நாள் வாங்கிய மைசூர் சில்க்கைக் கட்டிக்கொண்டு விரிப்பில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் கோலாட்டம் ஆடினார்கள். மல்லப்பன் ஒரு தார் வாழைப்பழத்தோடு பின்வரிசையில் இருந்தார். மீனாக்ஷி கேசரிபாத்தும் காபியும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தன் மகளும் இங்கேதான் படிக்கிறாள் என்று புரொபசர் அறிமுகப்படுத்தினார். அம்மையார் மலர்ந்து போய் சைத்ராவைப் பார்த்து ஜெர்மனில், இங்கே உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

சைத்ரா எழுந்து நின்றாள்.

"இங்கே எல்லாருக்கும் முதல் நாளிலிருந்தே கன்னடம் தெரியும். இப்போது எனக்கும் தெரியும். அப்படியும் எங்களை வெளியே விடமாட்டேன் என்கிறார்கள். உங்கள் ஊரிலும் என்னை இப்படித்தான் தனியாக வைத்தார்கள். நான் மக்கு இல்லை. என்னையும் வினிதாவையும் ஏழாம் வகுப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அப்பா கேட்பார்."

சுத்தமான ஜெர்மன். எங்கும் தடுக்கவில்லை. குழந்தை என்ன சொல்கிறது என்று கௌரம்மா கன்னடத்தில் கேட்டார்.

புரொபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த வகுப்பு தனக்கு இரண்டாவது வீடு என்கிறாள், ஜெர்மனியில் கிடைக்காத அரவணைப்பு இங்கே கிடைத்தது என்கிறாள் என்று முதலில் கன்னடத்திலும் பிறகு இங்கிலீஷிலும் சொன்னார். கைதட்டல் எழுந்தது. மல்லப்பன் எழுந்து நின்றே தட்டினார்.

அம்மையாருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஒரு நிமிஷம் புரொபசரையே பார்த்தார். புரொபசர் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை, புன்னகை செய்தார். அறக்கட்டளையில் அடுத்த கட்டத் திட்டம் இன்னும் கையெழுத்தாகவில்லை. அம்மையாரின் வேலையும் அதோடு சேர்ந்தே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் சைத்ராவின் கன்னத்தைத் தட்டி ஜெர்மனில் சொன்னார்: "எவ்வளவு அழகாகப் பேசுகிறாய். மனதில் பட்டதைப் பயப்படாமல் சொல்கிற பிள்ளைகளை உருவாக்குவதுதான் இந்த வகுப்பின் நோக்கமே."

மாலைக் கூட்டத்தில் அம்மையார் பேசினார். திட்டத்தின் பலன் முழுவதும் தெரிய வேண்டுமானால் இதே பிள்ளைகளை இதே வகுப்பில் வைத்து இன்னும் மூன்று வருஷமாவது தொடர்ந்து கவனிக்க வேண்டும், முக்கியமாகப் புரொபசரின் மகளை, அவளை இழந்துவிடக்கூடாது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சைத்ரா படுத்துக்கொண்டாள். புரொபசர் ஷூவைக் கழற்றும்போது மீனாக்ஷி எதிரில் வந்து நின்றாள்.

"அவ என்ன கேட்டான்னு எனக்கும் புரிஞ்சுது."

"உனக்கு ஜெர்மன் எப்போலேர்ந்து?"

"மூணு வருஷம் அங்கே கறிகாய் வாங்கினது யாரு? நீங்களா? நீங்கதான் மாநாடு மாநாடுன்னு போயிண்டிருந்தேளே."

புரொபசர் பொறுமையாக விளக்கினார். இரண்டாம் கட்டம் வந்தால் இங்கே ஓர் ஆராய்ச்சி மையமே வரும், அதற்கு டைரக்டர் தேவைப்படும், நாளைக்கு நூற்றுக்கணக்கான குழந்தைகள் பயனடைவார்கள், ஒரு குழந்தைக்காக எல்லாவற்றையும் கலைக்க முடியுமா என்றார்.

"ஒரு கொழந்தையா? நம்மாத்துக் கொழந்தைன்னா அது."

"நீ எமோஷனலா பார்க்கறே. டேட்டாவா பாரு."

ஏப்ரலில், வரவேற்பு வகுப்பின் பெயர்ப் பட்டியல் அப்படியே மறுபடி ஒட்டப்பட்டதும், மீனாக்ஷி கௌரம்மாவின் அறைக்குப் போய் சைத்ராவுக்கு டி.சி. வேண்டும் என்றாள்.

கௌரம்மா நல்ல மாதிரி. நாற்காலியைக் காட்டி, தண்ணீர் கொடுத்து, நிலைமையைச் சங்கடத்தோடு சொன்னார். டி.சி.யில் கடைசியாகப் படித்த வகுப்பு எது என்று எழுத வேண்டும். கல்வி இலாகாவுக்குத் தெரிந்தது ஒன்று முதல் பத்து வரை. வரவேற்பு வகுப்பு அதில் எதுவும் இல்லை. இரண்டு வருஷமாக உங்கள் மகள் இந்தப் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தாள் என்பது உண்மை, ஆனால் அரசாங்கத்தைப் பொறுத்தவரை எந்த வகுப்பிலும் இல்லை. அதற்கு முன்னால் ஜெர்மனியில் படித்த சான்றிதழ் இருந்தால் கொடுங்கள், ஏதாவது வழி பார்க்கலாம் என்றார்.

இருந்தது. அதில் பள்ளியின் பெயருக்குக் கீழேயே, எந்த மாதிரிப் பிள்ளைகளுக்கான பள்ளி என்று அச்சடித்திருந்தது. மொழிபெயர்த்துக் கொடுத்தால் எந்தக் கதவும் திறக்காது. மீனாக்ஷி அதைக் கைப்பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை.

ஆக, சைத்ரா கடைசியாகப் படித்து முடித்தது ஜெர்மனி போவதற்கு முன் படித்த இரண்டாம் வகுப்பு. மீனாக்ஷி அக்ரஹாரம் பக்கம் ஒரு சர்க்கார் கன்னடப் பள்ளியில் மன்றாடிப் பார்த்தாள். வயசைப் பார்த்து இரக்கப்பட்டு நாலாம் வகுப்பு தருகிறோம், அதற்கு மேல் கையில் இல்லை என்றார்கள். வீட்டுக்கு வந்து மகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாலாவது என்று மட்டும் சொன்னாள். பன்னிரண்டு வயதுப் பெண் கேட்டாள்.

"அது கிளாஸ்தானேம்மா?"

"ஆமாம்டி."

"அப்போ போறேன்."

சதுர்முக வித்யாலயாவில் டி.சி. வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது சைக்கிள் ஸ்டாண்டில் மல்லப்பன் பிடித்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பு, கண்ணில் பொறாமை.

"ஏனுங்கம்மா, உங்க புள்ளைய மட்டும் முன்னாடியே ஜெர்மனிக்கு அனுப்பறாங்களாமா? மண்டில பேசிக்கறாங்க."

மீனாக்ஷி உள்ளதைச் சொன்னாள். நாலாம் வகுப்பு என்றாள். வினிதாவையும் இப்போதே எடுத்துவிடுங்கள், இன்னும் மூன்று வருஷம் போனால் அவளுக்கு எந்த வகுப்பும் மிஞ்சாது என்று கையைப் பிசைந்துகொண்டு சொன்னாள். மல்லப்பன் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினார்.

"புரியுதுங்கம்மா. பெரிய மனுசங்க நீங்க. எங்க புள்ளைக அங்க போயிரக்கூடாது, அதானுங்களே?"

சொல்லிவிட்டு டி.வி.எஸ். ஃபிப்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். மஞ்சள் அறைக்குள் டேப் ரிக்கார்டர் மாம்பழம், மாம்பழம் என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் வினிதாவின் குரல் தனியாகக் கேட்டது.

மகளின் பள்ளி மாற்றத்தைப் புரொபசர் தடுக்கவில்லை. ஜூலையில் ஸ்ட்ராஸ்பர்க் போக வேண்டியிருந்தது. அவளுடைய இடத்துக்கு மல்லப்பனின் இன்னொரு மச்சான் மகன் ராமாபுரத்திலிருந்து வந்து சேர்ந்துவிட்டான். எண்ணிக்கை குறையவில்லை.

ஜூன் மாதம் முதல் திங்கட்கிழமை மீனாக்ஷி சைத்ராவை அக்ரஹாரத்துப் பள்ளி வாசலில் விட்டாள். உள்ளே வரட்டுமா என்றாள். வேண்டாம் என்றாள் சைத்ரா. ஜெர்மன் பாலில் வளர்ந்த பெண், அம்மாவைவிட உயரம். புதுப் பாவாடை தாவணி, பின்னி மடித்த தலை, கையில் புத்தகங்கள். தாழ்வாரம் நெடுகப் போய் நாலாம் வகுப்பைக் கண்டுபிடித்து வாசற்படி ஏறினாள்.

உள்ளே ஆசிரியர் இன்னும் வரவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைகள் இரைச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் சத்தம் நின்றது. எல்லோரும் தடதடவென்று எழுந்து கை கூப்பி, "நமஸ்தே டீச்சர்" என்று இழுத்து ஒரே குரலில் சொன்னார்கள்.

சைத்ரா வாசலிலேயே நின்றாள். அவர்களும் நின்றார்கள். டீச்சர் சொல்லாமல் உட்காரக்கூடாது என்று பழக்கியிருந்தார்கள். முன்வரிசையில் ஒரு பொடிசு கூப்பிய கையை இறக்காமல் அவளையே அண்ணாந்து பார்த்தது.

"கூத்கொள்ளி" என்றாள் சைத்ரா. உட்காருங்கள் என்று பொருள்.

அவர்கள் உட்கார்ந்தார்கள். அவள் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து கடைசி வரிசைக்குப் போனாள். எல்லாத் தலைகளும் அவளோடு திரும்பின. காலியாக இருந்த இடத்தில் தாவணியை ஒதுக்கிக்கொண்டு, மேஜைக்கு அடியில் முழங்கால் நுழையாததால் பக்கவாட்டாகக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.